வாயைக் கட்டச் சொல்லுற வாய்கள்

"வாயைக் கட்டு." உடம்பு வைத்த ஒருவருக்கு எங்கட சமூகம் கொடுக்கிற மொத்த மருத்துவ ஆலோசனையும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வீதியில், செத்தவீட்டில் கூட அது இலவசமாகக் கிடைக்கும். சொல்லுறவருக்கு ஒரு செலவும் இல்லை. கேட்கிறவள் சிரிச்சுக்கொண்டு நிற்க வேணும். சிரிக்காட்டி, "இதுக்கெல்லாம் கோவமோ?" எண்டு அடுத்த கேள்வி வரும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொல்லுக்கும் எதிரானது. அது மரியாதை இல்லாத சொல் என்பது தெரிஞ்ச விஷயம். அதைவிடப் பெரிய பிரச்சினை, அது பிழையான சொல். ஒருவர் ஏன் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. வாய் திறந்திருக்கு, அதை மூடினால் சரி எண்டு நினைக்குது. அந்த வாய்க்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாயை மட்டும் கட்டப் போனால் எடை குறையாது, கூடும். சும்மா கோபத்தில் சொல்லுற கதை இல்லை இது. 80 வருடமாக ஆய்வுகள் இதைத்தான் காட்டிக்கொண்டு வருகின்றன.

பசிக்காமல் சாப்பிடுகிற சாப்பாடு

கடைசியாக வயிறு நிறைந்த பிறகும் நீங்கள் சாப்பிட்டது எப்ப எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்குச் சோதனை, பாதிகூடப் படிச்சு முடியேல்லை, இரவு ஒரு மணிக்கு ஹொஸ்டல் கட்டிலில் இருந்து பார்த்தால் கிரீம் பிஸ்கற் பக்கெற் வெறுமையாய்க் கிடக்கும். வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை நடந்த அன்று, தட்டில் புட்டு மூன்றாம் தரமும் விழுந்திருக்கும். காதலிச்ச ஆள் மெசேஜுக்குப் பதில் போடாத பின்னேரம், மிக்சர் பையின் அடி தெரிஞ்சிருக்கும்.

வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வரும். பழஞ்சோறு கிடைத்தாலும் தீரும். வயிறு நிறைஞ்சால் அடங்கும். இந்த மற்றப் பசி திடீரென்று வரும். அதுக்கு இனிப்போ, உறைப்போ, எண்ணெயில் பொரிச்சதோதான் வேணும். வயிறு நிறைஞ்சாலும் நிற்காது. முடிஞ்ச பிறகு ஒரு வெட்கத்தை விட்டுட்டுப் போகும்.

இதற்கு உடலில் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. மன நெருக்கடி நாள்கணக்காக நீளும்போது உடல் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைத் தொடர்ந்து கூடுதலாகச் சுரக்கிறது. அது பசியைத் தூண்டும், இனிப்பும் கொழுப்பும் கூடின சாப்பாட்டின் பக்கம் மனதை இழுக்கும். நித்திரை குறைந்தால் பசியைக் கூட்டுகிற கிரெலின் என்ற ஹோர்மோன் கூடும். "போதும்" எண்டு மூளைக்குச் சொல்லுற லெப்டின் குறையும். சீனியும் கொழுப்பும் உள்ளே போனதும் மூளை கொஞ்ச நேரத்துக்கு ஆறுதலடையும். அது உண்மையான ஆறுதல், நடிப்பில்லை. கொஞ்ச நேரத்துக்கெண்டாலும் அது வேலை செய்யுது. அதனால்தான் திரும்பத் திரும்ப அங்கேயே போறம்.

ஆகவே இதில் அறிவுக்குறைவு எண்டு ஒன்றும் இல்லை. வடையில் எண்ணெய் இருக்கெண்டு தெரியாமலா ஆக்கள் சாப்பிடீனம்? 2016 இல் இருந்து இலங்கையில் விற்கிற மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு நிறத்தில் காட்டுகிறார்கள். நல்ல விஷயம், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் சிவப்பைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறக்கிறவருக்கு அந்த நேரம் மனதில் என்ன நடக்குது என்பதை எந்த நிறமும் சொல்லாது.

கட்டின வாய் என்ன செய்யும்?

1944 ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 ஆண்கள் தாங்களாகவே அதில் சேர்ந்தார்கள். எல்லாரும் உடலாலும் மனதாலும் ஆரோக்கியமானவர்கள் எண்டு பார்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள். 24 கிழமைகள் அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 1,570 கலோரி மட்டும் கொடுக்கப்பட்டது. உடல் எடையில் கால்வாசி குறைந்தது.

மனதுக்கு நடந்ததுதான் இங்கே முக்கியம். அவர்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே கதைக்கத் தொடங்கினார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கொஞ்சச் சாப்பாட்டை மணித்தியாலக் கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் கவலையும் பிடித்தது. திரும்பவும் விரும்பின அளவு சாப்பிடலாம் எண்டு விட்ட பிறகு பலருக்கு வயிறு முட்டினாலும் பசி தீரவில்லை. உடலில் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிப் போனது. இவர்கள் சாப்பாட்டில் பலவீனமான மனிதர்களா? ஆறு மாதத்துக்கு முதல் அப்பிடி இருக்கவில்லையே. வாயைக் கட்டினதுதான் அவர்களை அப்பிடி ஆக்கியது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. அந்த 1,570 கலோரி அரைப்பட்டினி எண்டு கணக்கில் எடுக்கப்பட்டது. இண்டைக்கு டிக்டொக்கில் வாற டயட் அட்டவணைகள் பலதில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கு. அதுக்குப் பெயர் "ஹெல்தி லைஃப்ஸ்டைல்."

1975 இல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. ஹேர்மன், மக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவிகளுக்கு மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். டயட் இல்லாத பெண்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். வழக்கமாக வாயைக் கட்டுகிற பெண்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "எப்பிடியும் பிழைச்சுப் போச்சு, இனி என்ன?" என்ற அந்த மனநிலை எங்களுக்கும் நல்லாத் தெரியும். காலமை ஒரு றோல்ஸ் சாப்பிட்டுட்டால் "இண்டைக்கு டயட் போச்சு, திங்கக்கிழமை தொடங்குவம்" எண்டு இரவு கொத்துக் கடைக்குப் போறது அந்த மனநிலைதான்.

உடலும் இதை லேசில் விடாது. மெல்பேர்ணில் எடை குறைத்த 50 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் போன பிறகும் அவர்களுடைய ஹோர்மோன்கள் பசியைத் தூண்டிக்கொண்டே இருந்தது தெரிந்தது. உடல் அந்த இழப்பை ஒரு பஞ்சமாகத்தான் கணக்கெடுக்குது. அந்த உடலோடு மல்லுக்கட்டிக் களைச்சுப் போன ஒருத்தியைப் பார்த்து "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" எண்டு சொல்ல எங்களுக்கு எவ்வளவு துணிச்சல்!

எடை ஒரு கவசமாகவும் இருக்கலாம்

1980களில் அமெரிக்காவின் சன் டியேகோவில் வின்சென்ற் ஃபெலிற்றி என்ற வைத்தியர் எடை குறைப்புச் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தினார். அங்கே அவருக்கு ஒரு புதிர் இருந்தது. சிகிச்சையை இடையில் விட்டுவிட்டுப் போனவர்களில் பலர் எடை குறையாதவர்கள் இல்லை. நல்லாக் குறைந்துகொண்டிருந்தவர்கள். ஏன் ஓடுகிறார்கள் எண்டு ஒவ்வொருவராக இருத்தி விசாரித்தார். பலர் சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் எண்டு தெரியவந்தது. அவர்களுக்குக் கொழுப்பு ஒரு பாதுகாப்பு. மெலிந்தால் ஆண்களின் கண் படும், கண் பட்டால் ஆபத்து. அந்தக் கண்டுபிடிப்பில் இருந்து வளர்ந்த ஆய்வு 9,500 க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கி 1998 இல் வெளியானது. சின்ன வயதுக் காயங்கள் கூடக்கூட, பெரியவர்களானதும் வருகிற நோய்களும் கடுமையான உடற்பருமனும் கூடுவதை அது காட்டியது.

உடம்பு வைத்த எல்லாருக்கும் இப்பிடி ஒரு கதை இருக்கெண்டு நான் சொல்லவில்லை. ஆரிட்ட இருக்கு, ஆரிட்ட இல்லை எண்டு பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது என்பதுதான் விஷயம். நெரிசலான பஸ்ஸில் பெண்களுக்கு என்ன நடக்குது எண்டு தெரிஞ்ச ஊர் இது. வீட்டுக்குள் நடந்ததை வெளியில் சொல்லக்கூடாது எண்டு பழக்கின ஊரும் இதுதான். இந்த ஊரில் ஒருத்தியின் இடுப்பளவைப் பற்றி நடுவீட்டில் நிண்டு கருத்துச் சொல்லுறவருக்கு, தான் எதில் கை வைக்கிறார் எண்டு தெரியுமா?

எங்கட அடுப்படி

இனி வீட்டுக்கு வருவம். எங்கட வீடுகளில் அன்பைச் சொல்ல ஒரே ஒரு வசனம்தான் இருக்கு: "சாப்பிட்டியா?" பாசம், கவலை, மன்னிப்பு எல்லாத்துக்கும் அதுதான். அப்பா அடிச்ச அன்று பின்னேரம் கடையில் இருந்து றோல்ஸ் வாங்கிக்கொண்டு வருவார். அதுதான் அவர் கேட்கிற மன்னிப்பு. பிள்ளை அழுதால் "இந்தா, இதைச் சாப்பிடு, அழாதை." சோதனையில் புள்ளி குறைந்தால், "சரி விடு, முதல்ல வந்து சாப்பிடு."

ஹில்டே புறூக் என்ற மனநல வைத்தியர் பல வருடங்களுக்கு முன்னமே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளையின் ஒவ்வொரு அழுகைக்கும் சாப்பாட்டையே பதிலாகக் கொடுத்து வந்தால், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்குத் தனக்கு வந்திருப்பது பசியா, பயமா, தனிமையா எண்டு பிரிச்சறிய முடியாமல் போகலாம் என்பது அவருடைய கருத்து.

இதை எடுத்துக்கொண்டு அம்மாமாரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அந்த அம்மாமார் ஆர்? 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எரித்தவர்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மழையில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள். 2009 இல் வன்னியில் ஒரு கோப்பை கஞ்சிக்காகப் பிள்ளையோடு வரிசையில் நின்றவர்கள். அந்தக் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் நினைவுக்காகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். 2022 இல் பால்மாவுக்கும் காஸுக்கும் திரும்பவும் வரிசை வந்தது. "இன்னும் கொஞ்சம் போடட்டே?" எண்டு அகப்பையோடு நிற்கிற கைக்குப் பின்னால் அந்த வரிசைகள் எல்லாம் நிற்கின்றன. பானையில் சோறு மிஞ்சியிருந்தால்தான் அவர்களுக்கு நித்திரை வரும். மிஞ்சினதை எறிய மனம் வராது. ஆகவே அடுப்படியில் நிண்டபடி தாங்களே அதைச் சாப்பிட்டு முடிப்பார்கள். பிறகு கிளினிக்கில் அவர்களுக்கும் அதே ஏச்சு: "வாயைக் கட்டுங்கோ அம்மா."

மிதிவெடி எண்டு பெயர் வைச்சுப் பலகாரம் சாப்பிடுற ஊர் எங்கட ஊர். சாப்பாட்டுக்கும் மனக்காயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு இந்த ஊரில் இருந்து ஆரும் சொல்ல ஏலாது.

இரட்டை வேடமும் இந்த அடுப்படியில்தான் தொடங்குது. பதினைந்து வயதுவரைக்கும் "சாப்பிடு, சாப்பிடு" எண்டு தட்டை நிரப்பின அதே கை, அதுக்குப் பிறகு தட்டை இழுக்கும். "இப்பிடியே போனால் உன்னை ஆர் கட்டுவான்?" அண்ணாவுக்கு மூன்றாவது இடியப்பத் தட்டு, தங்கச்சிக்குக் கண் சைகை. வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த மாமி விமான நிலையத்திலேயே தொடங்குவா: "என்னடி, போன முறை பார்க்கேக்க இப்பிடி இல்லையே!" கொண்டுவந்த சொக்லேற் பையைக் கையில் தந்துகொண்டுதான் இதையும் சொல்லுவா. கல்யாணப் புறோக்கருக்கு நிறம், உயரம், எடை எல்லாம் ஒரே பட்டியல்.

பொடியளுக்கு இது வேற மாதிரி. அவங்கள் அழக்கூடாது, பயந்தேன் எண்டு சொல்லக்கூடாது. மனம் உடைஞ்சால் போய்க் கொத்து அடிக்கலாம், பியர் அடிக்கலாம், அதுக்குத் தடையில்லை. குண்டான பொடியனுக்கு றாகிங்கில் விழுகிற பட்டப்பெயர் பட்டமளிப்பு வரைக்கும் கூடவே வரும். அவன் அதைப் பகிடியாக எடுக்க வேணும். எல்லாரையும்விடக் கூடச் சிரிக்கவும் வேணும். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தின பிறகு என்ன செய்யிறான் எண்டு ஆரும் கேட்கிறேல்லை.

வெட்கத்தை விற்கிறவர்கள்

இந்த வெட்கத்தில் ஒரு வியாபாரமும் ஓடுது. பேஸ்புக்கைத் திறந்தால் முப்பது நாளில் பத்துக் கிலோ குறைக்கிற பவுடர், வயிறு கரைக்கிற மூலிகைத் தேநீர், இடுப்பில் கட்டுற பெல்ற். "முன்", "பின்" எண்டு இரண்டு படம். மூன்றாவது படத்தை, அதாவது ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த படத்தை, இவர்கள் ஒருநாளும் போடமாட்டார்கள். எடை திரும்பி வந்தால் பழி பவுடருக்கு இல்லை, வாங்கினவளுக்கு. "நீங்கள் ஒழுங்காக் கடைப்பிடிக்கேல்லை." மருந்து பிழைச்சாலும் நோயாளியே குற்றவாளியாகிற வியாபாரம் இதைத் தவிர வேற எங்கே இருக்கு? ஆனால் இந்த வியாபாரிகளுக்கு விளம்பரம் செய்து கொடுக்கிறது நாங்கள்தான். உறவுக்காரர் ஒவ்வொரு முறை "குண்டு" எண்டு சொல்லேக்கையும் ஒரு பெட்டி பவுடர் விலைப்படுது.

"அப்ப சுகர் வந்தால் பரவாயில்லையோ?"

இந்தக் கேள்வி வரும் எண்டு தெரியும். வரவும் வேணும். நீரிழிவும் பிரஷரும் எங்கட வீடுகளில் விளையாட்டுக் கதையில்லை. சுகரால் கால் எடுத்த ஒருவரையாவது எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த நோய்களில் எடைக்குப் பங்கு இருக்கிறது, அதை மறுக்கேல்லை.

ஆனால் அக்கறைதான் காரணம் எண்டால் அந்தப் பேச்சு பலன் தருகிறதா எண்டு பார்க்க வேணும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 50 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 3,000 பேரை நான்கு வருடங்கள் கவனித்து 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். எடைக்காக அவமதிப்பைச் சந்தித்ததாகச் சொன்னவர்களுக்கு எடை கூடியிருந்தது. அப்பிடிச் சொல்லாதவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. அவமானம் மருந்தாக இருந்திருந்தால் எங்கட ஊரில் ஒரு குண்டான ஆளும் மிஞ்சியிருக்க மாட்டார்.

இன்னொன்று. தெற்காசிய உடல்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வரலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள், உடற்திணிவுச் சுட்டெண் 25 ஐத் தொடும்வரை பார்த்துக்கொண்டிராமல், ஆசியர்களுக்கு 23 இல் இருந்தே கவனம் வேணும் எண்டு 2004 இல் சொன்னார்கள். ஒல்லியான மாமாவுக்கும் சுகர் வரும் என்பதுதான் இதன் அர்த்தம். ஆனால் மாமாவின் பிளேன்ரீயில் விழுகிற மூன்று கரண்டிச் சீனியை ஆரும் எண்ணுறேல்லை. குண்டான மருமகளின் தட்டில் இருக்கிற ஒரு துண்டு கேக்கைத்தான் எல்லாரும் எண்ணீனம். இதுக்குப் பெயர் அக்கறையா?

"எல்லாத்துக்கும் மனம், மனம் எண்டு சாட்டுச் சொல்லாதை" எண்டும் சிலர் சொல்லுவினம். காரணத்தைச் சொல்லுறது சாட்டு ஆகாது. காய்ச்சலுக்குக் காரணம் டெங்கு எண்டு கண்டுபிடிச்சால் அது காய்ச்சலுக்குச் சாட்டு எண்டு ஆரும் சொல்லுறேல்லை. காரணம் தெரிஞ்சால்தான் வைத்தியம் தொடங்கும். கட்டுப்படுத்த முடியாமல் பெருமளவில் சாப்பிடுகிற நிலை தனியான ஒரு மனநலப் பாதிப்பு எண்டு 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கைநூலிலேயே ஏறிவிட்டது. அதுக்குச் சிகிச்சை இருக்கிறது. எங்கட ஊரில் அதுக்கு இன்னமும் "தீனி" எண்டுதான் பெயர்.

இனி என்ன?

"உங்களை நீங்களே நேசியுங்கோ" எண்டு ஒரு பூப்படத்தோடு முடிக்க எனக்கு விருப்பமில்லை. நேசிக்க விடாமல் சுத்திவர நிண்டு கதைக்கிற சனத்துக்குத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கு.

அடுத்தவரின் உடம்பைப் பற்றிக் கதைக்கிறதை நிறுத்துங்கோ. "மெலிஞ்சிட்டாய், வடிவா இருக்கு" என்பதையும் சேர்த்துத்தான். அவள் ஏன் மெலிஞ்சாள் எண்டு உங்களுக்குத் தெரியாது. சந்தித்தவுடனே கதைக்க வேற ஒன்றும் கிடைக்காட்டி மழையைப் பற்றிக் கதையுங்கோ. "சாப்பிட்டியா?" எண்டு கேட்கிறதை நிறுத்த வேண்டாம், அது எங்கட மொழி. ஆனால் அதுக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: "உனக்கு என்ன நடந்தது?" கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருங்கோ. நடுவில் தட்டை நீட்டாதேங்கோ.

கிளினிக்கில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. வரிசையில் பத்துப் பேருக்கு முன்னால் எடையைச் சத்தமாக வாசிச்சு ஏசி அனுப்பினால், அந்த ஆள் அடுத்த திகதிக்கு வரமாட்டார். எடையைக் கேட்கிற நேரத்தில் நித்திரையையும் கேளுங்கோ. வீட்டு நிலைமையையும் கேளுங்கோ.

இதை வாசிக்கிற, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற ஆளுக்கு: உங்களில் ஒரு பிழையும் இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டேன், ஏனெண்டால் பிழை எண்ட கணக்கே இதில் இல்லை. ஒரு நேரச் சாப்பாட்டையும் விடாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. பகலில் பட்டினி கிடந்தால் இரவில் அது வட்டியோடு திரும்பி வரும். கை பிஸ்கற் பக்கெற்றுக்குப் போகேக்க "இப்ப எனக்கு என்ன வேணும்?" எண்டு ஒருமுறை கேளுங்கோ. பதில் பிஸ்கற் எண்டே வந்தாலும் சாப்பிடுங்கோ, ஆனால் கேட்டுட்டுச் சாப்பிடுங்கோ. திடீரென்று எடை ஏறினால், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போனால், தைரொயிட்டுக்கும் மற்றதுக்கும் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கோ. பவுடர்காரனிட்டப் போகாதேங்கோ. அடக்கமுடியாமல் சாப்பிடுறது அடிக்கடி நடந்தால், அதை மனநல உதவி வேணுமெண்ட விஷயமாகவே எடுங்கோ. கம்பஸில் மாணவர் ஆலோசகரிடம் கதைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கு. போனால் "விசர்" எண்டு சொல்லுவினம் எண்ட பயம் எல்லாருக்கும் இருக்கிறதுதான். அப்பிடிச் சொல்லுறவர்களும், வாயைக் கட்டச் சொன்னவர்களும் அனேகமாக ஒரே ஆக்கள்தான்.

வரப்போறது கல்யாண சீசன். ஆராவது ஒரு மாமி, ஆராவது ஒரு அண்ணா, மண்டப வாசலில் நிண்டு உங்கட நண்பியைப் பார்த்து அந்த இரண்டு சொல்லையும் சொல்லத்தான் போறார். அவள் வழக்கம்போலச் சிரிப்பாள். பக்கத்தில் நிற்கிற நீங்கள் அந்த நேரம் கூடச் சிரிக்காதேங்கோ.